தொண்டைப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஏழு மாதம்: குழாய் விட்டுப் பார்ப்பது மட்டும் போதுமா?

கேள்வி: பட்டர்வொர்த் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. பிறை தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகள் லோரி ஓட்டியவர். சென்ற ஆண்டு குரல் கரகரத்துப்போய் இரண்டு மாதமாகியும் தெளியவில்லை. பரிசோதித்ததில் குரல்வளைப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார்கள். 35 முறை கதிர்வீச்சு, இடையிடையே கீமோ. எல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் எடுத்த பெட் ஸ்கேனில் நோய் எங்கும் தெரியவில்லை. அந்த அறிக்கையை அப்பா நான்காக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பினாங்குத் தீவில் இருக்கும் மருத்துவமனைக்குப் போகிறோம். விடியுமுன்பே எழுந்து ஃபெரி ஏறி, பதிவு செய்து, எண் வாங்கிக் காத்திருப்போம். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு இரண்டு நிமிடம் பார்ப்பார். கழுத்தை விரல்களால் அழுத்திப் பார்ப்பார். "நன்றாக இருக்கிறது, அடுத்த தேதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். ஸ்கேன் எதுவும் எடுப்பதில்லை.

சென்ற வாரம் போகவேண்டிய தேதிக்கு அப்பா வர மறுத்துவிட்டார். "சோறு இறங்குகிறது, குரல் வருகிறது. இரண்டு நிமிடம் பார்ப்பதற்கு ஒரு நாள் முழுவதும் உட்காரவேண்டுமா?" என்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனோ, "குழாயில் என்ன தெரியும்? மூன்று மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் தனியாரில் எடுத்துவிடு, பணம் அனுப்புகிறேன்" என்கிறார். அம்மா இப்போது இல்லை. முடிவு என் தலையில் இருக்கிறது. தேதியை மாற்றக் கேட்டதில் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது.

ஸ்கேன் இல்லாமல் குழாயால் மட்டும் பார்ப்பது போதுமா? இந்த ஐந்து வாரத்தில் நான் எதைக் கவனிக்கவேண்டும்? இரவில் அவர் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இப்படியே எத்தனை ஆண்டு என்று தெரியவில்லை.


பதில்: ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

மகளே, உங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய் எனக்கும் வந்தது. அவர் சொன்ன அதே வார்த்தையை நானும் சொன்னேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன். 2015 ஜூலையில் எனக்குக் கதிர்வீச்சு முடிந்தது. முதல் ஓர் ஆண்டு ஒரு தேதியையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். பதினான்காம் மாதத் தேதி 2016 செப்டம்பரில் வந்தது. அது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நேரம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கட்டுரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதியை மாற்றினேன். நவம்பர் கடைசியில்தான் கிடைத்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில் வலது காது வலிக்கத் தொடங்கியது. காதுக்குள் அழுக்கு என்று நினைத்து வீட்டுக்கு அருகில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள். வலி போகவில்லை. இரண்டாம் முறை போனபோது மாத்திரை கொடுத்தார்கள். காதில் ஒன்றும் இல்லாமல் காது ஏன் வலிக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவன் என்று நானும் சொல்லவில்லை. தீபாவளியன்று முறுக்கை வாயில் போட்டு ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்ததை என் மனைவி கவனித்துக் கேட்டார். தொண்டை வறட்சி என்று சொல்லிவிட்டேன். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு வறட்சி எப்போதும் உண்டுதானே.

நவம்பரில் மருத்துவர் குழாயை உள்ளே விட்டார். "ஈ என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். பிறகு குழாயை எடுக்காமலே என்னைக் கேட்டார்: "வலது காது வலிக்கிறதா?" நான் அதுவரை அவரிடம் காதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தொண்டைக்கும் காதுத் துளைக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன, தொண்டையில் இருக்கும் நோய் காதில் வலியாகத் தெரியும் என்று பிறகு விளக்கினார். வலது குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டிருந்தது.

2017 ஜனவரியில் குரல்வளையை முழுவதுமாக எடுத்தார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகும் நோய் அதே இடத்தில் திரும்பினால் பலருக்கு மிஞ்சும் வழி அதுதான். இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறேன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு சிறிய சிலிக்கோன் வால்வு வைத்திருக்கிறார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு பேசுகிறேன். மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனையும் போய்விட்டது. பாலிக் புலாவ் டுரியான் பருவத்தில் வீடே மணக்கும் என்று சொல்கிறார்கள். 2018இல் பிறந்த என் பேத்திக்கு நான் கதை சொல்கிறேன். அவளுக்கு இந்தக் குரல்தான் தாத்தா குரல். முந்தைய குரலை அவள் கேட்டதே இல்லை.

செப்டம்பரிலேயே போயிருந்தால் என் குரல்வளை தப்பியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது" என்றார். அது உண்மை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாதத்தை நான் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் என்ன தெரியும் என்று உங்கள் அண்ணன் கேட்கிறார். ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே அவனுக்கு எந்த எழுத்தில் தடுக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். முப்பது ஆண்டுக் காது அது. மருத்துவருக்கு அது கண். "ஈ" என்று சொல்லும்போது இரண்டு நாண்களும் நடுவில் வந்து சேருகின்றனவா, ஒன்று மட்டும் பின்தங்குகிறதா, எங்காவது வெளுத்தோ சிவந்தோ தடித்தோ இருக்கிறதா, எச்சில் ஒரு பக்கம் தேங்குகிறதா என்று பார்க்கிறார். நாண் அசைவதைப் படுக்கவைத்து எடுக்கும் ஸ்கேன் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. கழுத்தில் வைக்கும் விரல்களும் சும்மா அழுத்துவதில்லை. தாடைக்குக் கீழே தொடங்கிக் காறை எலும்பு வரை நிணநீர்க் கணுக்களைத் தேடிக்கொண்டு போகின்றன.

உங்கள் அப்பாவுக்கு இப்போது ஏழாம் மாதம். இந்தக் காலத்தில்தான் ஒரு தேதியும் தவறக்கூடாது. ஐந்து வாரம் என்று கொடுத்திருந்தால் நீங்களே கிளினிக்குக்குத் தொலைபேசி செய்து, கதிர்வீச்சு முடிந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்று சொல்லி, யாராவது தேதியை ரத்து செய்தால் தரும்படி கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.


பதில்: செந்தூல் வாசகி

தங்கையே, என் கணவருக்கு மூக்கின் பின்புறத்தில், தொண்டைக்கு மேலே வந்தது. கோலாலம்பூரில்தான் சிகிச்சை. முடிந்து நான்கு ஆண்டுகள். நீங்கள் இரவில் எழுந்து உட்காருவது எனக்குப் புதிதில்லை. மருத்துவமனைத் தேதிக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் அவர் எந்நேரமும் படுத்துக்கொண்டே இருந்தார். கை கால் குளிர்கிறது என்றார், முகம் ஊதியது, பேச்சு மந்தமானது. நோய் திரும்பிவிட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் அழுதேன். கடைசியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு. கழுத்தில் பட்ட கதிர்வீச்சு அந்தச் சுரப்பியையும் மெல்ல மெல்ல நிறுத்திவிடுகிறதாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதத்தில் பழைய மனிதர் ஆகிவிட்டார். உங்கள் அப்பாவுக்கு தைராய்டு இரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள்.


பதில்: ஓய்வு பெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜாம்

நான் மருத்துவர் இல்லை. தாதியாக 33 ஆண்டுகள், அதில் பாதிக்கு மேல் கதிர்வீச்சு நோயாளிகளோடு. ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். காது வலிக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு தாமதமாக வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளின் முதல் கேள்வி ஸ்கேன். பெட் ஸ்கேனில் செலுத்துவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் ஒளிரும். புற்றுநோய் இழுக்கும், உண்மை. ஆனால் கதிர்வீச்சால் புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கும் சதையும் இழுக்கும். அதனால்தான் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம் கழித்து எடுக்கிறார்கள். முன்பெல்லாம் கழுத்துக் கணுக்களில் பெரிதாகப் பரவியிருந்தால் கதிர்வீச்சுக்குப் பிறகு கழுத்து அறுவையும் செய்துவிடுவார்கள். பிரிட்டனில் 564 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. 12ஆம் வாரத்தில் பெட் ஸ்கேன் எடுத்து, சந்தேகம் இருப்பவர்களுக்கு மட்டும் அறுவை செய்தாலும் உயிர் காப்பதில் குறைவில்லை என்று அது காட்டியது. அந்த ஸ்கேன் உங்கள் அப்பாவுக்கு நடந்துவிட்டது. சுத்தமாக வந்தும் விட்டது. முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு, தொல்லை எதுவும் இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அண்ணனுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் தூரத்தில் இருந்து தவிக்கிறார், பணம் அனுப்புவதுதான் அவரால் முடிகிறது. ஆனால் அந்த ஸ்கேன் வெறும் செலவோடு நிற்காது. ஊசி போட்ட பிறகு அறையில் பேசிக்கொண்டிருந்தாலே குரல்வளைத் தசை ஒளிரும், அதனால்தான் வாய் திறக்காமல் படுத்திருக்கச் சொல்வோம். பொய்யாக ஒளிர்ந்த இடத்தைச் சும்மா விடவும் முடியாது, அங்கிருந்து கொஞ்சம் சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதிக்கவேண்டும். கதிர்வீச்சு வாங்கிய குரல்வளையில் கிள்ளினால் புண் ஆறாமல் குருத்தெலும்பே அழுகிப்போவது உண்டு. மருத்துவருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் எது தேவையோ அதை அவரே எழுதிக்கொடுப்பார்.

எத்தனை ஆண்டு என்று கேட்டிருந்தீர்கள். இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அதனால் தேதிகளும் முதலில் நெருக்கமாக இருக்கும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான என்.சி.சி.என். வழிகாட்டியில் முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதம், ஐந்தாம் ஆண்டு வரை 4 முதல் 8 மாதம், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு மாதம் அதற்குள் சரியாக அடங்குகிறது. செந்தூல் அக்கா சொன்ன தைராய்டு பரிசோதனை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும்.

இந்த ஐந்து வாரத்தில் பார்க்கவேண்டியது: தெளிந்த குரல் மறுபடி கரகரப்பது, விழுங்கும்போது வலி அல்லது ஒரு பக்கம் மாட்டிக்கொள்வது, ஒரு பக்கக் காது வலி, கழுத்தில் புதிய கட்டி, சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது. எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவையுங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் தேதிக்குக் காத்திருக்கவேண்டாம். கிளினிக்கைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், முன்னதாகப் பார்ப்பார்கள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தால் கூப்பிடவும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். திரும்பிவந்த நோயில் நிறையவற்றை முதலில் கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான், இரண்டு தேதிக்கு நடுவில்.

பல்லை மறந்துவிடாதீர்கள். உமிழ்நீர் குறைந்துவிட்டதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்" என்பதாக இருக்கவேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் அவசரமாகப் பல் பிடுங்கி, எலும்பு ஆறாமல் பல மாதம் துன்பப்பட்ட ஒருவரைக் கவனித்திருக்கிறேன். பத்து ஆண்டு கழித்தும் அந்த ஆபத்து இருக்கிறது. அண்ணன் பணம் அனுப்பட்டும், பல்லுக்குச் செலவு செய்யுங்கள்.

அப்பா புகைத்தவரா? நீங்கள் எழுதவில்லை.


மறுமொழி: பட்டர்வொர்த் மகள்

நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை.

ஆசிரியர் ஐயா எழுதியதை நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பேத்தியைப் பற்றி எழுதிய இடத்தில் "போதும்" என்றார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்த ஐயா எந்தக் கிழமை போவார்?" என்று மட்டும் கேட்டார்.

தாதி அம்மா கேட்டதற்குப் பதில்: புகைத்தவர்தான். இருபது வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. சிகிச்சையின்போது விட்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் இதை முதலில் எழுதாததற்குக் காரணம், சென்ற மாதம் அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டியைப் பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. ஒருவேளை அதனால்தான் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். மருத்துவர் கேட்பார், பொய் சொல்லவேண்டிவரும்.

காது வலி இல்லை என்கிறார். எடை 58 கிலோ, போன முறை கார்டில் எழுதியிருந்ததும் 58தான். கிளினிக்கைக் கூப்பிட்டேன். ஒருவர் ரத்து செய்த இடம் கிடைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை.


பதில்: ஓய்வு பெற்ற தாதி, புக்கிட் மெர்தாஜாம்

தேதி கிடைத்தது பெரிய காரியம்.

சிகரெட்டைப் பற்றி: திட்டவேண்டாம். மறைத்துப் புகைப்பவர் அதை நிறுத்த நினைப்பவர்தான், வெட்கம் இல்லாதவர் வீட்டு வாசலிலேயே புகைப்பார். ஆனால் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். புகை தொடர்ந்தால் பழைய நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது. புகை போன வழியெல்லாம், வாய், உணவுக்குழாய், நுரையீரல் எங்கும், புதிதாக இன்னொரு புற்றுநோய் முளைக்கவும் கூடும். அது பழைய நோய் இல்லை, தனி நோய். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு பெட்டி என்றால் நுரையீரலுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஆண்டுக்கு ஒருமுறை தேவையா என்று செவ்வாய்க்கிழமையே கேளுங்கள். அண்ணன் விரும்பும் ஸ்கேன் ஒன்று உண்டென்றால் உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை கேட்டுப் பார்க்கத் தக்கது அதுதான்.

அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது, மருந்தும் தருவார்கள். அவரைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.

குழாய் விடும் முன் மூக்கில் மரத்துப்போகும் மருந்து அடிப்பார்கள். மரப்பு போகும்வரை, அரை மணி நேரத்துக்கு மேல், அவர் எதுவும் குடிக்கக்கூடாது. வெளியே வந்ததும் கோப்பி கேட்பார், கொடுத்துவிடாதீர்கள். புரையேறும்.


பதில்: ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

மகளே, குரல்வளையை எடுத்த பிறகும் எனக்குத் தேதிகள் உண்டு. இப்போது ஆண்டுக்கு ஒருமுறைதான், அதோடு வால்வு கசிந்தால் மாற்றிக்கொள்ளப் போவேன். இரண்டு நாளாகத் தண்ணீர் குடித்தால் கசிகிறது. எப்படியும் இந்த வாரம் போகத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமையே வருகிறேன்.

நான் காலை ஏழரைக்குப் பதிவு முகப்பின் அருகில் இருப்பேன். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருப்பேன், கண்டுபிடிப்பது எளிது. காத்திருக்கும் நேரத்தை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சிகரெட்டைப் பற்றி நான் அவரிடம் கேட்கமாட்டேன். நான் எப்போது விட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன், மற்றது அவர் விருப்பம்.

அவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்கள். நான் பேசும்போது கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து அழுத்துவேன். குரல் கனமாக, இடையிடையே நின்று நின்று வரும். பயப்படவேண்டாம், எனக்கு வலிக்காது. புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லட்டும், சொல்கிறேன்.